வவுனியாத் தொகுதியின் வரலாறு தேடுவோருக்கு: கொழும்புச் சுவடிக்கூட வாசிப்பறை எப்படி?

தேர்தல் தொகுதி ஒன்றின் வரலாற்றை எழுதப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் வென்றவர்களின் பட்டியலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அதைத் தொகுக்கப் பத்து நிமிடம் போதும், வீட்டில் இருந்தபடியே கைபேசியில் எடுத்துவிடலாம். ஆனால் யார் வென்றார் என்று அந்தப் பட்டியல் சொல்லுமே தவிர, எந்த ஊர்ச் சனத்தின் வாக்கில் வென்றார் என்று சொல்லாது. தொகுதிக்கு உயிர் எல்லைதான். எல்லை மாறிவிட்டால், பெயர் பழையதாகவே இருந்தாலும் தொகுதி வேறு. அந்த எல்லையைத் தாளில் பார்க்க முதலில் போக வேண்டிய இடம் கொழும்பு 7இல், பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வாசிப்பறை. பழைய ஆட்கள் இன்றைக்கும் றீட் அவெனியூ என்றே அந்த வீதியைச் சொல்வார்கள்.

இந்த மதிப்பீட்டுக்கு உரைகல்லாக வவுனியாத் தொகுதியை வைத்துக்கொள்வோம். காடும் குளமும் வயலுமான இந்த நிலம் 1931இல் அரசாங்க சபைக்கு மன்னார் – முல்லைத்தீவு என்ற பெயரில் ஓர் உறுப்பினரை அனுப்பியது. 1947இல் வவுனியா என்ற தனித் தொகுதி வந்தது. 1976 எல்லை நிர்ணயத்தில் அது வவுனியா, முல்லைத்தீவு என இரண்டாகப் பிரிந்தது. 1978 அரசியலமைப்புக்குப் பிறகு இரண்டும் மன்னாரோடு சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டத்தின் வாக்களிப்புப் பிரிவுகள் ஆயின. 2013 மாகாண சபைத் தேர்தலில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஒவ்வொன்றும் தனித்தனித் தேர்தல் மாவட்டம். ஒரே மண் ஐந்து கணக்கில் ஏறியிருக்கிறது. இதற்கு ஈடுகொடுக்கும் வாசிப்பறை வேறெந்தக் கிராமப்புறத் தொகுதிக்கும் ஈடுகொடுக்கும்.

சுவடிக்கூடத்தின் பெரிய பலம், தேவையான ஐந்தாறு வகைப் பத்திரங்களும் ஒரே மேசைக்கு வருவது. 1802 மார்ச்சில் தொடங்கிய அரசாங்க வர்த்தமானி, செஷனல் பேப்பர் என்ற அரச அறிக்கை வரிசை, திணைக்களங்களின் ஆண்டு நிர்வாக அறிக்கைகள், பாராளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட், கச்சேரி என்ற மாவட்ட நிர்வாகக் கந்தோரின் பைல்கள், பழைய பத்திரிகைகள் எல்லாம் அங்கே உண்டு. தொகுதி ஆய்வு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் வேலை. வர்த்தமானியில் பற்று என்ற பழைய நிர்வாகப் பிரிவு ஒன்றின் பெயர் வரும். அது எங்கே என்று கச்சேரிப் பைலில் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மனு கண்ணில் படும். அந்த மாதப் பத்திரிகையைக் கேட்க வேண்டும். வெவ்வேறு கந்தோர்களில் இதைச் செய்தால் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு நாள் போய்விடும்.

போவதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தம்தான் அங்கே கழியும் நாளின் பயனைத் தீர்மானிக்கும். தேசிய அடையாள அட்டை, ஆய்வின் நோக்கத்தை நான்கு வரியில் சொல்லும் கடிதம், இரண்டு மூன்று பென்சில், கோடு போட்ட ஒரு கொப்பி, இவற்றை எடுத்துப் போங்கள். எண்பது வருடத் தாளுக்குப் பக்கத்தில் மைப்பேனா வேண்டாம். கைபேசியில் படம் எடுப்பதானால் எடுக்கும் முன்னே அனுமதி கேளுங்கள், எடுத்த பிறகு கேட்காதீர்கள். இது நூலகம் போல அலுமாரியிலிருந்து நாமே எடுக்கும் இடமும் அல்ல. பட்டியலில் தேடி, இலக்கத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்க, உள்ளே போய் எடுத்து வருவார்கள். பழைய அரசாங்கப் பதிவுகள் ‘லொட்’ என்ற பிரிவிலக்கத்தின் கீழ் அடுக்கப்பட்டிருப்பதால், முதலில் லொட் இலக்கம், பிறகு அதனுள் உள்ள இலக்கம் என்று இரண்டையும் குறிக்க வேண்டும். ஒன்றை விட்டால் சீட்டு திரும்பி வரும்.

பிரித்தானியர் காலப் பதிவு முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலும் தெரிய வேண்டும். முல்லைத்தீவுக்கு மட்டும் இரண்டு ‘t’ போட்டு ஒரு வகை, ஒரு ‘t’யோடு ஒரு வகை என்று மாறி மாறி வரும். இலத்தீன் எழுத்தில் எழுதிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேற்பற்று, கிழக்குமூலை, உடையாவூர், நடுச்செட்டிகுளம், பனங்காமம் ஆகிய வன்னிப் பற்றுகளின் பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதத்தையும் வீட்டிலேயே எழுதி, அகரவரிசையில் ஒட்டிக்கொண்டு போங்கள். சுட்டியில் ஒரு வடிவத்தைத் தேடிவிட்டு இல்லை என்று திரும்பியவர்கள் விட்டுப்போன செய்திகள் ஏராளம். இன்னொரு பொறி மாவட்டப் பெயர். 1921 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டம் என்று வருவது 1946இல் வவுனியா மாவட்டம் என்று வருகிறது. வவுனியாவை மட்டும் தேடினால் முந்தைய தலைமுறையே காணாமல் போகும்.

வேலையை எல்லை நிர்ணயத்தில் தொடங்குங்கள். வவுனியாவுக்கு மூன்று ஆணைக்குழுக்கள் முக்கியம்: 1946, 1959, 1976. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பத்திரம் கேட்க வேண்டும். ஒன்று, ஆணைக்குழுவின் அறிக்கை. அது செஷனல் பேப்பர் வரிசையில் இருக்கும், ஏன் இப்படிப் பிரித்தோம் என்ற காரணம் அதில்தான் வரும். மற்றது, எல்லையைச் சட்டமாக்கிய வர்த்தமானி. எல்லையின் சொற்கள் அதில். அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு எழுதுபவர்களுக்குக் காரணம் தெரியும், கோடு தெரியாது. வர்த்தமானியை மட்டும் பார்ப்பவர்களுக்குக் கோடு தெரியும், ஏன் அந்தக் குளக்கட்டோடு திரும்பியது என்று தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதற்குத்தான் இந்த வாசிப்பறைக்கு இவ்வளவு தூரம் வருவது.

எல்லை விவரணம் என்பது படம் இல்லாத வசனம். ஓர் ஆறு, ஒரு வீதி, ஒரு டி.ஆர்.ஓ. (பிரிவு வருவாய் அதிகாரி) பிரிவின் எல்லை, ஒரு விதானைப் (கிராமத் தலைமைக்காரர்) பிரிவின் எல்லை என்று ஒன்றைப் பிடித்து ஒன்றுக்குப் போகும். இதைப் படித்துக்கொண்டு போனால் ஒன்றும் மனதில் நிற்காது. வரைந்தால்தான் பிடிபடும். நாரஹேன்பிட்டி கிருல வீதியில் உள்ள நில அளவைத் திணைக்களத்தில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய அளவுத் திட்ட வரைபடத்தின் பிரதி கிடைக்குமா என்று முதலிலேயே விசாரியுங்கள். இல்லாவிட்டால் 50,000க்கு 1 அளவில் உள்ளதை வாங்குங்கள். வவுனியாவுக்கு ஒரு தாள் போதாது. தொகுதி விரிந்து கிடப்பதால் பல தாள்களை விளிம்பு வெட்டி ஒட்ட வேண்டிவரும். அதன் மேல் ட்ரேசிங் தாளை விரித்து, நான்கு மூலையிலும் ஒட்டி, வரைபடத்தின் நான்கு குறுக்குப் புள்ளிகளை ட்ரேசிங் தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள். தாள் அசைந்தாலும் திரும்பப் பொருத்துவதற்கு அந்தப் புள்ளிகள்தான் துணை. 1946 எல்லையை ஒரு நிறப் பென்சிலால், 1959ஐ வேறு நிறத்தால், 1976ஐ மூன்றாவது நிறத்தால் போடுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித் ட்ரேசிங் தாள் வைத்தால் இன்னும் நல்லது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எந்த ஊர் எந்த ஆண்டு எந்தப் பக்கம் போனது என்பது கண்ணுக்கே தெரியும். சுவடிக்கூடத்தின் மூல வரைபடத்தின் மேல் ஒருபோதும் ட்ரேசிங் தாளை வைத்து அழுத்தி வரையாதீர்கள். பென்சிலின் அழுத்தம் பழைய தாளில் பள்ளமாக விழுந்துவிடும். அங்கே வசனத்தைப் பார்த்து எழுதுங்கள், வரைவதை வீட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரையும்போது கோடு மூடாமல் நிற்பது அடிக்கடி நடக்கும். தொடங்கிய புள்ளிக்குத் திரும்பி வராது, நடுவில் இரண்டு மைல் இடைவெளி கிடக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வர்த்தமானி ‘விதானைப் பிரிவின் எல்லை’ என்று சொல்லும் இடத்தில் நாம் இன்றைய கிராம அலுவலர் பிரிவின் எல்லையைப் போட்டிருப்போம். விதானை முறை 1963இல் முடிந்து கிராம சேவகர் முறை வந்தது, அதன் பிறகும் பிரிவுகள் பல தடவை பிரிக்கப்பட்டன. 1946 வசனத்துக்கு 1946 விதானைப் பிரிவுதான் பொருந்தும், அதைச் சொல்வது கச்சேரிப் பைல். அதே காரணத்தால் 1976 எல்லையை இன்றைய பிரதேச செயலாளர் பிரிவோடு ஒன்றாக எண்ணுவதும் தவறு. இன்றைய 160 வாக்களிப்புப் பிரிவுகளும் 1976 எல்லையில்தான் நிற்கின்றன. நிர்வாக எல்லைகளோ அதன் பிறகு நிறைய நகர்ந்துவிட்டன. கிளிநொச்சி நிர்வாக மாவட்டமே 1984இல்தான் பிறந்தது. பாராளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சி இன்றும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்.

எல்லைக்கு அடுத்தது ஆசனக் கணக்கு. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சோல்பரி அரசியலமைப்பின் சூத்திரம்: மாகாணத்தின் சனத்தொகையில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு நிலப்பரப்புக்காக 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற மேலதிகம். நாடு முழுவதும் 95 தெரிவு ஆசனம். அதில் நிலப்பரப்புக்கு 25, மிச்சம் 70 சனத்தொகைக்கு. வட மாகாணத்துக்கு நிலத்துக்காக 4, சனத்துக்காக 5, ஆக 9. இதைச் சரிபார்க்க 1946 குடிசன மதிப்பீட்டை எடுத்தால் கணக்கு இடிக்கும். அந்த ஆண்டு நாட்டின் சனத்தொகை 66 இலட்சத்து 57 ஆயிரம். 70ஐ 75,000ஆல் பெருக்கினால் 52 இலட்சத்து 50 ஆயிரம்தான் வருகிறது. அது 1931இன் 53 இலட்சத்துக்குப் பொருந்துகிறது. ஆகவே எல்லை போட்டதன் கணக்கைப் பார்க்க 1931ஐயும், எல்லை போட்டபோது நிலைமை எப்படி இருந்தது என்று பார்க்க 1946ஐயும் எடுக்க வேண்டும். 1931 மதிப்பீடு பொருளாதார மந்தத்தால் சுருக்கமாக நடந்ததால் ஊர்வாரி விவரத்துக்கு அதை நம்பிப் போகாதீர்கள். ஊர்வாரி விவரத்துக்கு 1921ஐயும் 1946ஐயும் கேளுங்கள்.

1946இன் எண்ணிக்கையைப் பார்த்தால் வவுனியாத் தொகுதி ஏன் உண்டானது என்பதே விளங்கிவிடும். அந்த ஆண்டு யாழ்ப்பாண மாவட்டத்தில் 4,24,788 பேர், மன்னாரில் 31,538, வவுனியாவில் 23,246. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 7 தொகுதி கிடைத்தது. பிரித்தால் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 60,700 பேர். வவுனியாவில் 23,246 பேருக்கே ஒரு பாராளுமன்ற உறுப்பினர். சனத்தை மட்டும் எண்ணியிருந்தால் இந்தத் தொகுதி பிறந்தே இருக்காது. காட்டுக்கும் குளத்துக்கும் கிடைத்த ஆசனம் அது. தொகுதியின் வரலாற்றில் முதல் பந்தியே இதுவாக இருக்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். இதை விட்டுவிட்டு வேட்பாளர் பெயரோடு தொடங்கும் கட்டுரைகள் அத்திவாரம் இல்லாத வீடு.

அதே சூத்திரம் மலையகத்தில் நேர்மாறாக வேலை செய்ததையும் ஒரே மேசையில் பார்க்கலாம். 1947இல் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் கொட்டகலையில் கே. குமாரவேலுவும் வென்றார்கள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. ஆனால் ஆசனத்துக்குச் சனத்தை எண்ணும்போது வாக்கில்லாத அவர்களும் எண்ணப்பட்டார்கள். 1959 எல்லை நிர்ணயத்தோடு தலவாக்கலை, கொட்டகலை என்ற தொகுதிப் பெயர்களே மறைந்தன. தலையை எண்ணி ஆசனம், வாக்கு மட்டும் இல்லை. மலையகத் தொகுதி எதை எழுதினாலும் வாக்காளர் தொகையையும் சனத்தொகையையும் இரண்டு நிரலில் அருகருகே போடாமல் எழுதக்கூடாது.

இனிப் பெயர்களுக்கு வரலாம். 1947இல் வவுனியாவில் வென்றவர் அடங்காத்தமிழர் சி. சுந்தரலிங்கம், சுயேச்சையாக. டி. எஸ். சேனநாயக்கவின் மந்திரிசபையில் வர்த்தக அமைச்சர். 1960 மார்ச்சில் அவரைத் தோற்கடித்தவர் த. சிவசிதம்பரம். இந்தப் பெயரில்தான் சுட்டிகளில் பெரிய குழப்பம். அதே பாராளுமன்றத்தில் உடுப்பிட்டியிலிருந்து மு. சிவசிதம்பரம் இருந்தார். 1977இல் அவர் நல்லூரில், இவர் வவுனியாவில், இருவரும் தமிழர் விடுதலைக் கூட்டணி. ஹன்சாட் சுட்டியில் சிவசிதம்பரம் என்று மட்டும் பார்த்துப் பக்கம் எண்ணை எடுத்தால், வவுனியாக் குளங்களைப் பற்றி ஒருவர் பேசியதும் உடுப்பிட்டியைப் பற்றி மற்றவர் பேசியதும் ஒரே கணக்கில் விழும். முதலெழுத்தையும் தொகுதிப் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நுட்பமான பிழை எக்ஸ். எம். செல்லத்தம்பு விடயத்தில் நேர்கிறது. 1970இல் அவர் வவுனியா உறுப்பினர், 1977இல் முல்லைத்தீவு உறுப்பினர். பட்டியலை மட்டும் பார்ப்பவர் ‘தொகுதி மாறிப் போட்டியிட்டார்’ என்று எழுதிவிடுவார். ட்ரேசிங் தாளைப் பார்த்தால் உண்மை தெரியும்: 1970இன் வவுனியாவுக்குள் முல்லைத்தீவுப் பக்கமும் இருந்தது. 1976இல் தொகுதிதான் பிரிந்தது. முல்லைத்தீவு என்ற தொகுதி ஒருவர் மட்டும் வெல்லும் பழைய முறையில் கண்ட ஒரே பொதுத் தேர்தல் 1977தான். அதன் உறுப்பினரும், தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடச் சொன்ன 6ஆம் அரசியலமைப்புத் திருத்தச் சத்தியப்பிரமாணத்தின் பேரில் 1983இல் ஆசனத்தை இழந்தார்.

முடிவு அட்டவணைகளைப் படியெடுக்கும்போது ஒவ்வொரு வரியையும் அங்கேயே கூட்டிப் பாருங்கள். வேட்பாளர்கள் பெற்ற வாக்கின் கூட்டுத்தொகை செல்லுபடியான வாக்கு. அதோடு நிராகரிக்கப்பட்டதைக் கூட்டினால் அளிக்கப்பட்ட மொத்தம். அதைப் பதிவு வாக்காளரால் வகுத்தால் வீதம். கூட்டு இடித்தால் படியெடுத்ததில் பிழை, அல்லது அச்சில் பிழை. மறுநாள் வீட்டில் கண்டுபிடித்தால் இன்னொரு நாள் வர வேண்டும். பல அங்கத்தவர் தொகுதிக்கு இந்தக் கூட்டல் செல்லாது. 1977இன் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. ஒரு வாக்காளருக்கு மூன்று வாக்கு. வேட்பாளர் வாக்குகளைக் கூட்டினால் வாக்காளரை விட அதிகமாக வரும், அது மோசடியும் அல்ல, அச்சுப் பிழையும் அல்ல.

வாக்காளர் தொகை ஏறுவதைப் பார்த்ததும் குடியேற்றம் என்று முடிவுகட்டாதீர்கள். 1959இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. 1960 மார்ச்சில் நாட்டில் 37 இலட்சமாக இருந்த பதிவு வாக்காளர் 1965இல் 47 இலட்சம். வன்னியில் குளங்கள் திருத்தப்பட்டுக் குடியேற்றங்கள் வந்த காலமும் அதுவே என்பதால், எது வயதால், எது வந்து குடியேறியதால் என்று பிரிக்க 1953, 1963 குடிசன மதிப்பீடுகளை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

பத்திரிகைக்குத் திகதி முக்கியம். 1947 பொதுத் தேர்தல் ஓகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை பல நாட்களாக நடந்தது. வவுனியா முடிவைத் தேட ஒரு மாதப் பத்திரிகையைப் புரட்ட வேண்டும். 1952இலும் 1956இலும் கூட ஒரே நாளில் நடக்கவில்லை. 1960 மார்ச் 19இலிருந்துதான் நாடு முழுக்க ஒரே நாள். அதற்குப் பிறகு தேர்தலுக்கு மறுநாளையும் அதற்கடுத்த நாளையும் கேட்டால் போதும். 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இன் தினகரன் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அவசரத்தில் அச்சான எண்ணிக்கை இரண்டிலும் வித்தியாசப்படலாம், கடைசி வார்த்தை வர்த்தமானிக்கும் திணைக்கள அறிக்கைக்கும்தான். பத்திரிகையின் பெறுமதி எண்ணில் இல்லை, கூட்ட அறிவித்தல்களிலும் விளம்பரங்களிலும் இருக்கிறது.

1978க்குப் பிந்தைய காலத்துக்கு வாசிப்பறையின் முக்கியத்துவம் குறைகிறது. விகிதாசார முறையில் முதல் பாராளுமன்றத் தேர்தல் 1989 பெப்ரவரி 15இல்தான் நடந்தது. 1977க்கும் 1989க்கும் நடுவில் தொகுதியின் நாடியைப் பிடிக்க 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலும் அதே ஆண்டு டிசெம்பர் சர்வசன வாக்கெடுப்பும் உதவும், இரண்டுக்கும் வாக்களிப்புப் பிரிவுவாரி முடிவு உண்டு. இந்தக் காலத்து எண்கள் இராஜகிரிய, சரண மாவத்தையில் உள்ள தேர்தல் ஆணைக்குழுவிலும் அதன் இணையத்தளத்திலும் கிடைக்கின்றன. அவற்றுக்காகச் சுவடிக்கூடத்தில் ஒரு நாளைச் செலவழிப்பது வீண்.

அந்த எண்களிலும் ஒரு பொறி. தபால் வாக்கு மாவட்ட மட்டத்தில் தனி வரியாக எண்ணப்படுகிறது. வன்னிக்கு அதோடு இடம்பெயர்ந்தோர் வாக்கு என்ற தனி வரியும் பல தேர்தல்களில் உண்டு. புத்தளத்தில் இருந்துகொண்டு மன்னாருக்கு வாக்களித்தவர்கள் மன்னார் பிரிவின் வரியில் தெரியமாட்டார்கள். ஆகவே மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றையும் கூட்டினால் வன்னி மொத்தம் வராது. யுத்த காலத்து வாக்களிப்பு வீதத்தை மக்களின் ஆர்வமாகவும் வாசிக்கக்கூடாது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.21 வீதம். அந்த எண்ணின் பின்னால் பகிஷ்கரிப்பும் பயமும் இருக்கின்றன. 2001 குடிசன மதிப்பீடும் வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. 1981க்கு அடுத்த முழுக் கணக்கு 2012தான். இடையில் வரும் சனத்தொகை எண்கள் எல்லாம் மதிப்பீடு. அவற்றைக் குடிசன மதிப்பீட்டு எண்ணோடு ஒரே நிரலில் போடாதீர்கள்.

மாகாண சபைக் கணக்கைத் தனிக் கொப்பியில் வைப்பது நல்லது. பாராளுமன்றத்துக்கு வன்னி ஒரே தேர்தல் மாவட்டம், இப்போது 6 ஆசனம். மாகாண சபைக்கு நிர்வாக மாவட்டமே தேர்தல் மாவட்டம். 2013 செப்டெம்பர் 21இல் நடந்த வட மாகாண சபைத் தேர்தலில் யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4 என 36 ஆசனம், போனஸ் 2 சேர்த்து 38. ஒரே ‘வவுனியா’ என்ற பெயர் ஒரு தாளில் வாக்களிப்புப் பிரிவு, மற்றத் தாளில் தேர்தல் மாவட்டம். 1988 நவம்பர் வடக்கு – கிழக்கு மாகாண சபைக்கு வடக்கில் போட்டியின்றியே தெரிவானார்கள். அங்கே வாக்கு எண்ணிக்கையைத் தேடி அலைய வேண்டாம், கிடையாது. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொன்னால்: கொழும்பு நூதனசாலை நூலகம் 1877இலிருந்து இருப்பது, பழைய அச்சு நூலுக்கும் அறிக்கைக்கும் நல்லது. சுவடிக்கூடத்தில் ஒரு அறிக்கை சிதைந்திருந்தால் அடுத்த பிரதிக்கு அங்கே போகலாம். பாராளுமன்றத்தின் அண்மைய ஹன்சாட்டுகள் இணையத்தில் உண்டு. தமிழ்ப் பத்திரிகைக்கும் சிறுசஞ்சிகைக்கும் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்துக்கு ஈடில்லை. ஈழகேசரி, சுதந்திரன் போன்றவற்றை முதலில் அங்கே பார்த்துத் திகதியைக் குறித்துக்கொண்டு, இல்லாத இதழை மட்டும் சுவடிக்கூடத்தில் கேளுங்கள். வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் ஊர் மலர்களுக்கும் நினைவு மலர்களுக்கும் போக வேண்டிய இடம். ஒரு கிராமத்துப் பாடசாலை நூற்றாண்டு மலரில் இருக்கும் பழைய விதானைப் பெயர், கச்சேரிப் பைலில் நின்றுபோன தேடலைத் திரும்ப ஓடவைக்கும்.

ஒரு தொகுதிக்குச் சுவடிக்கூடத்தில் மூன்று முழு நாள் ஒதுக்கினால் முதல் கட்டம் முடியும். முதல் நாள் மூன்று எல்லை நிர்ணய அறிக்கைகளும் வர்த்தமானிகளும். பிறகு ஒரு வாரம் இடைவெளி விட்டு, வீட்டில் வரைந்து, கோடு மூடாத இடங்களைக் குறியுங்கள். இரண்டாம் நாள் அந்த இடங்களுக்கான கச்சேரிப் பைல்களும் குடிசன மதிப்பீடும். மூன்றாம் நாள் பத்திரிகை, ஹன்சாட். இடைவெளி விடாமல் மூன்று நாளும் தொடர்ந்து போனால், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே பைல்களைப் புரட்ட நேரும். வாக்காளர் இடாப்பு கையில் கிடைத்தால் தெருவாரி, பிரிவுவாரித் தொகையை மட்டும் எடுங்கள். அதில் இருப்பவை உயிரோடு இருக்கும் குடும்பங்களின் பெயரும் விலாசமும், அவற்றைப் படியெடுத்துப் பிரசுரிக்கக்கூடாது.